விளக்குக்காரியும் பூனைவயிறும்

போன வாரம் சிட்னியில், எங்கள் பிளாக்டவுனில் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. எப்போது பார்த்தாலும் சோர்ந்து கிடக்கிறாய் என்று அம்மா நச்சரித்து அனுப்பிவைத்தாள். அங்கே இருந்த பெண் ஒரு சின்னக் காகித உறையைக் கிழித்து, ஸ்பிரிட் நனைத்த துணியை எடுத்து என் வலது முழங்கையின் உட்புறத்தைத் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் இடது கை, நாற்காலியின் கைப்பிடியை லீவரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டது. ஊசி என்றால் பயமா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் கண்ணீர் வழிந்துவிட்டது. அவள் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நல்ல பெண்தான். உன் அளவுக்கு நரம்பு பிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீ அந்த உறையைப் பல்லால்தான் கிழிப்பாய். உட்காருவதற்கு முன் லீவரைத் துடைப்பாய், திரையைத் துடைப்பாய், பிறகு கேட்காமலே என் மெஷினையும் துடைப்பாய். "நான் நாள் முழுக்க மற்றாக்களின்ர இரத்தத்தோட நிக்கிறனான். கையில என்னென்ன இருக்குமெண்டு எனக்குத்தான் தெரியும்," என்பாய். நாம் ஆடும் கேம் ஆர்கேட் முழுவதும் பாப்கார்னும் வியர்வையும் மணக்கும். நம் மூலை மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும்.

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், படியிறங்கிப் போக வேண்டிய அந்த இடத்தில், நடன மெஷின்களுக்கும் பொம்மை கவ்வும் பெட்டிகளுக்கும் பின்னால் நான்கு பெரிய இருக்கைகள். ஜப்பானில் பழையதாகிப்போன மெஷின்களை யாரோ கப்பலில் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார்கள். திரையில் ஆங்கிலமே கிடையாது. அதனால் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கோ அதுதான் உலகம். பள்ளிக்கூட நாளிலிருந்து ஜப்பான்காரர்கள் அந்த விளையாட்டை ஆடும் வீடியோக்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதற்காகவே ஜப்பானிய மொழி படித்தவள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீரர்கள் பேசும் வசனங்களை நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கூட்டி, நானே படித்தது. அந்த மெஷின் சிட்னிக்கு வந்திருக்கிறது என்று இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்த அன்று, யூனிவர்சிட்டியில் வகுப்பை விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நான்கு பேர் ஒரு அணி, எதிரே நான்கு பேர். ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு வீரன். மந்திரக்காரிகள், டிராகன் குட்டிகள், கல்லால் ஆன அரக்கர்கள். இரண்டு பக்கமும் கோட்டை வாசல்கள். எதிரியின் வாசலை உடைக்க வேண்டும், நம் வாசலைக் காக்க வேண்டும். விழுந்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து வரலாம், ஆனால் ஒருவர் விழுந்தால் அணி மொத்தத்துக்கும் உயிர் குறையும். நான் நரிவால் முளைத்த வாள்காரி. ஆட்டம் தொடங்கியதும் எதிரிக் கூட்டத்துக்குள் பாய்வேன். நீ விளக்குக்காரி. அவள் வெளிச்சத்துக்குள் வந்தால் காயம் ஆறும். ஆனால் வாசலை விட்டுத் தூரம் போனால் அவள் விளக்கு அணைந்துவிடும். அதனால் யாரும் அவளைத் தேர்ந்தெடுப்பதில்லை. வீடியோ போடுகிறவர்கள்கூட அவளைச் சீண்டமாட்டார்கள்.

முதல் நாள் நீ அந்தக் கடைசி இருக்கையில் தனியாக, மூன்று கம்ப்யூட்டர் பொம்மைகளோடு ஆடிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பொம்மை கழன்று, நாம் இருவரும் ஓர் அணி ஆனோம். நான் பாய்ந்தேன். விழுந்தேன். "ஐயோ செத்தேன்" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

பக்கத்திலிருந்து ஒரு குரல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே: "சாகிறதெண்டாச் சத்தம் போடாமச் சாவும்."

நான் ஆடிப்போய்விட்டேன். "நீங்க தமிழா அக்கா?"

"ஓம். நீர் எங்க இருந்து?"

"பிளாக்டவுன்."

"அதில்லை. ஊர்."

"திருச்சி."

"இந்தியாவோ. அதுதான் உந்தப் பாய்ச்சல். நான் விளக்கைப் பிடிச்சுக்கொண்டு பின்னுக்கு நிக்கிறன். ஒருக்காலாவது திரும்பிப் பாரும்."

அடுத்த ஆட்டத்தில் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே நின்றுகொண்டிருந்தாய். காயத்தோடு ஓடிவந்து உன் வெளிச்சத்துக்குள் நின்றதும் என் உயிர்க்கோடு கிடுகிடுவென்று ஏறியது. எத்தனையோ வருடம் வீடியோவில் பார்த்த விளையாட்டு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நீ என்னை 'நீர்' என்று சொன்னது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ரெண்டு வாரம் பொறுத்துக் கேட்டேன். "என் மேல கோபமாக்கா? ஏன் நீர்னு கூப்பிடுறீங்க?"

"கோபமெண்டா 'நீங்கள்' எண்டு கூப்பிடுவன். நீர் முதல்ல அக்கா எண்டுறதை விடும். கேமுக்குள்ள வயசு பாக்கேலாது."

பிறகு எப்போது 'நீர்' போய் 'நீ' வந்தது என்று எனக்கு நினைவில்லை. நானும் 'நீ' என்றேன். உன்னை 'நீ' என்று சொன்னது என் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "உன்னைவிட மூத்த பொண்ணுடி, வேலைக்குப் போற பொண்ணு," என்பாள்.

சனிக்கிழமைகள் அப்படிப் போயின. நீ வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் காலை ஷிப்ட் முடித்து, சீருடை மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ரயிலில் வருவாய். நான் ஜப்பானியத் திரையை வாசித்துத் தமிழில் சொல்லுவேன். நீ கேட்டுக்கொண்டே ஆடுவாய். ஒருநாள் உற்சாகத்தில் சொன்னேன்: அங்கேயெல்லாம் இப்படிப் பொம்மைகளோடு ஆட மாட்டார்கள், நாடு முழுக்க எல்லா மெஷினும் ஒரே நெட்வொர்க், முகம் தெரியாத மூன்று பேர் உன் அணியில் வந்து சேருவார்கள், ஆட்டத்துக்கு முன் வணக்கம் சொல்வார்கள், முடிந்ததும் நன்றி சொல்வார்கள், வா, ரெண்டு பேரும் ஒருதடவை போகலாம்.

"என்னால ஏலாது," என்றாய்.

"லீவு கிடைக்காதா?"

"லீவு கிடைக்கும். போனாத் திரும்பி வரேலாது."

அப்போதுதான் சொன்னாய். சின்னப் பிள்ளையாக அம்மாவோடு படகில் வந்தது. அன்றிலிருந்து பிரிட்ஜிங் விசா. தவணை முடிய முடியப் புதுப்பிக்கும் விசா. வேலை செய்யலாம், வரி கட்டலாம், வெளியே போனால் வாசல் மூடிக்கொள்ளும். நீ அதைச் சொன்ன விதத்தில் கோபமோ அழுகையோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாய். எங்கள் வீட்டிலும் விசாப் பேச்சு உண்டு. பி.ஆர். என்ற நிரந்தர விசா எப்போது வந்தது, குடியுரிமை விழாவுக்கு அம்மா எந்தப் புடவை கட்டினாள் என்று. ஒரே ரயில் பாதையில் ஏறி இறங்குகிற நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நீ திரையைக் காட்டினாய். "விளக்குக்காரிக்கும் அப்பிடித்தானே. வெளியில போனா நூந்திடும். அதுதான் இவளை எடுத்தனான். இப்ப நீ பாயப்போறியோ இல்லையோ?"

பாய்ந்தேன்.

அந்த அறிவிப்பு வந்தது ஒரு பிப்ரவரி மாதம். ரயிலில் வரும்போதே படித்துவிட்டேன். ஆர்கேடில் உன் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்து மொழிபெயர்த்தேன்: இத்தனை ஆண்டுகள் ஆதரவுக்கு நன்றி, ஏப்ரல் முடிவோடு நெட்வொர்க் சேவை நிறுத்தப்படுகிறது.

"திருப்பி வாசி," என்றாய். வாசித்தேன்.

"மூடட்டும். எங்கட மெஷின் ஓடுந்தானே," என்றாய். அன்று நீ ஆடிய ஆட்டம் எதுவும் சரியில்லை. வாசலை விட்டுவிட்டு விளக்கோடு தூரமாகப் போய்க்கொண்டே இருந்தாய். அணைந்ததும் திரும்பி வந்தாய். கிளம்பும்போது கேட்டாய்: "அங்க ஆக்கள் உண்மையா வணக்கம் சொல்லுவினமோ? தெரியாத ஆக்களுக்கு?"

அப்பா ஜப்பான் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது எனக்காக இல்லை. செர்ரிப் பூ பார்க்க அவருடைய நண்பர்கள் நாலு குடும்பம் கிளம்பியது, நாங்களும் ஒட்டிக்கொண்டோம். மார்ச் கடைசி. அம்மா பெட்டி நிறையப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் அடுக்கினாள். கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை நீ உன் விளையாட்டு அட்டையை என் கையில் வைத்தாய். உன் விளக்குக்காரி மொத்தமும் அதற்குள்தான் இருந்தாள், அவள் ஏறி வந்த படிகள் எல்லாம்.

"என்ர ஆளையாவது கூட்டிக்கொண்டு போ. ஒருக்கால் மற்றச் சனத்தோட விளையாடட்டும். நீ என்னை மாதிரி விளையாடவேணும், சரியே? பாயக்கூடாது."

"பாய மாட்டேன்."

"சத்தியமா?"

"கேமுக்குள்ள சத்தியம் பாக்க முடியாது," என்றேன். தலையில் குட்டினாய்.

டோக்கியோவில் எல்லோரும் பஸ் ஏறி மலை பார்க்கக் கிளம்பிய காலை நான் வரவில்லை என்றேன். "ஜப்பான் வந்தும் அதே கேமா? சிட்னியிலயே பாழாப்போக வேண்டியதுதானே," என்றாள் அம்மா. அப்பா மட்டும், "விடு, அவ மலை அதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஸ்டேஷன் பக்கத்து ஆர்கேடுக்கு ஓடினேன். ஆறாவது மாடி. வரிசையாக நம் மெஷின்கள், கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. உள்ளே படம் எடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு அப்போது மதிய இடைவேளை. பின்னணியில் மைக்ரோவேவ் சத்தமும் யாரோ ஆங்கிலத்தில் சிரிப்பதும் கேட்டன.

"நிக்கிறியோ?"

"உக்காந்துட்டேன். துடைச்சிட்டேன், லீவர், திரை எல்லாம்."

"கெட்டிக்காரி. போடு அட்டையை."

வைத்தேன். மெஷின் ஒரு மணி அடித்தது. திரையில் சிவப்பு எழுத்து. திரும்ப வைத்தேன். அதே எழுத்து. பக்கத்து மெஷினுக்கு மாறி வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே எழுத்து.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?"

"கார்ட எடுக்க மாட்டேங்குது. நம்ம மெஷின் இவங்க நெட்வொர்க்ல இல்லல்ல... இந்த அட்டைக்கு இங்க பதிவே கிடையாதுன்னு வருது."

நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த வீரனின் எந்த அடி எவ்வளவு வலிக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்த நாம் இருவரும், சிட்னியின் தனி மெஷினில் பிறந்த அட்டை டோக்கியோவில் செல்லுமா என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இணையத்தில் ஒரு வரி தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடவில்லை. தேடினால் போச்சு என்று இரண்டு பேருக்கும் உள்ளே தெரிந்திருந்ததோ என்னவோ.

நீ கேட்டாய்: "அதுக்கும் விசா இல்லையோ?"

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அடக்கமுடியாமல், மூச்சு வாங்க, அந்த அறையில் இருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்கும்வரை சிரித்தாய். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் ஆறாவது மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

"சரி. புது அட்டை எடு. என்ர பேரையே போடு."

"எல்லாம் போயிடும். முதல் படியிலருந்து வரணும்."

"முதல்ல இருந்து தொடங்கிறது எங்களுக்குப் புதுசே? போடு பிள்ளை, பிரேக் முடியப்போகுது."

உன் பெயரை ஜப்பானிய எழுத்தில் அடித்தேன். கடைசி எழுத்துக்கு இடம் பற்றவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு பச்சைத் தளிர் முளைத்தது. புதியவர்களுக்கு அங்கே போடும் அடையாளம் அது. விளக்குக்காரியைத் தேர்ந்தெடுத்தேன். திரை சுழன்றது. மூன்று பெயர்கள் வந்து உன் பெயரின் கீழ் நின்றன.

"வந்துட்டாங்க. மூணு பேரு. ஒருத்தர் பேரு திங்கட்கிழமை. ஒருத்தர் ஐஸ்காப்பி. ஒருத்தர்... பூனைவயிறு."

"என்ன வயிறு?"

"பூனைவயிறு. சத்தியமா. அப்படித்தான் வெச்சிருக்காரு."

"வடிவான பேர்."

மூவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். அந்த விளையாட்டில் பேச முடியாது. தயாராக இருக்கும் சில வாக்கியங்களைத்தான் அனுப்பலாம். மூன்று வாக்கியங்கள் திரையில் வந்து விழுந்தன.

"என்ன சொல்லீனம்?"

"வணக்கம், உங்கள நம்பித்தான் இருக்கோம், பாத்துக்கங்கன்னு."

"ஆருக்கு?"

"உனக்குத்தான். உன் பேருதானே இருக்கு."

ஆட்டம் தொடங்கியது. நான் பாயவில்லை. வாசலில் நின்றேன். கண்ணால் பார்ப்பதை எல்லாம் உன் காதில் சொன்னேன். நீ அங்கே கண்ணை மூடிக்கொண்டு இருந்தாயாம், பிறகு சொன்னாய். "இடப்பக்கம் ஆர்?" "கல்லரக்கன் வர்றான்." "அப்ப ரெண்டடி முன்னுக்கு வா. இப்ப விளக்கைத் தூக்கு. காணும், காணும், பின்னுக்கு." என் கை, உன் ஆட்டம். திங்கட்கிழமையும் ஐஸ்காப்பியும் முன்னால் போய்விட்டார்கள். பூனைவயிறு போகவில்லை. பெரிய ஈட்டியோடு உனக்கு ஓர் அடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கல்லரக்கன் வந்தால் போய் அடித்துவிட்டு, திரும்ப வந்து அதே இடத்தில் நின்றார்.

"பூனைவயிறு எங்க?"

"இங்கதான். நம்ம வாசல்ல."

"ஏன் முன்னுக்குப் போகேல்லை? ஈட்டிக்காரன் முன்னுக்கெல்லோ போகவேணும்."

"உனக்குத் தளிர் போட்டிருக்குல்ல. புது ஆளுன்னு, உன்னப் பாத்துக்க நிக்கிறாரு."

மறுபக்கம் மைக்ரோவேவ் மணி அடித்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை போல, அது திரும்பத் திரும்ப அடித்தது.

"அவருக்கு என்னைத் தெரியாதே," என்றாய்.

"தெரியாது."

"நான் எப்பிடி விளையாடுவன் எண்டும் தெரியாது."

"தெரியாது."

ஆட்டத்தில் தோற்றோம். மயிரிழைதான். கடைசி நேரத்தில் நம் வாசலும் எதிரி வாசலும் ஏறக்குறைய ஒன்றாக விழுந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் நன்றி அனுப்பினார்கள். பூனைவயிறு மட்டும் இன்னொன்றும் அனுப்பினார்: அருமையான ஆட்டம், இன்னொரு முறை சேர்ந்து ஆடுவோம். நான் வாசித்துச் சொன்னேன்.

"தோத்தாப் பிறகுமோ நன்றி சொல்லுறவை?" என்றாய். "நீயும் சொல்லு. கெதியா அழுத்து. அவர் போகமுதல் அழுத்து."

அழுத்தினேன். திரை அணைந்தது.

"பிரேக் முடிஞ்சுது. போட்டு வாறன்," என்று வைத்துவிட்டாய். மாலையில் ஒரு செய்தி மட்டும் அனுப்பினாய்: இண்டைக்கு ஊசி குத்தின ஒருத்தருக்கும் நோகேல்லையாம்.

ஏப்ரலோடு அந்த நெட்வொர்க் மூடியது. இங்கே நம் நான்கு மெஷின்களும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடின. டோக்கியோ அட்டையை நீ வேலையிட அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாய். அது எந்த மெஷினிலும் இனி வேலை செய்யாது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. சில நாள் ஆட்டத்துக்கு நடுவில், "பூனைவயிறு எண்டால் இதில நிண்டிருப்பார்," என்பாய். அவ்வளவுதான்.

ஜூலையில் அந்த மழை வாரத்தில் உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "என்ன, பிரேக்கா?" என்று எடுத்தேன். அன்ரியின் குரல். உன் அம்மா என்னோடு போனில் பேசியதே இல்லை. வேலை முடிந்து வரும் வழியில், ஈர ரோட்டில், கார் என்று மட்டும் எனக்குக் கேட்டது. மற்றதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். விசா வராமலே போய்விட்டாய். வயது இருபத்தாறு.

டூங்காபியில் உன் வீடு அவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. நாற்காலிகளை வெளியே போட்டிருந்தார்கள், ஆட்கள் குடையோடு நின்றார்கள். உன்னோடு வேலை செய்த பிலிப்பினோ அக்கா ஒருத்தி அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: டோக்கியோவுக்குப் போய் வந்ததைப் பற்றி அவள் எப்போதும் சொல்லுவாள், அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லுவாள். அன்ரிக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, என்னட்ட மறைக்காதை. இவள் எனக்குத் தெரியாம வெளிநாடு போனவளோ? விசாவில ஏதும் பிழை விட்டவளோ?"

மகளைப் பறிகொடுத்த அன்றும் அந்தப் பயம் அவரை விடவில்லை. நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, சிவப்பு எழுத்து, தளிர், காதில் உன் குரல், பூனைவயிறு. எங்கேயாவது நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"அப்ப அவள் இங்கதான் இருந்தவள்."

"ஆமா அன்ரி. வேலை செய்யுற எடத்துல, சாப்பாட்டு ரூம்ல. ஆனா அவ போய்ட்டுதான் வந்தா. நான் பாத்தேன். அங்க அவதான் இருந்தா, நான் இல்ல."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஆர் அவளோட நிண்டவை?"

"மூணு பேரு. நெஜப் பேரு தெரியாது."

"ஒருத்தர் அவளைப் பாத்துக்கொண்டு நிண்டவர் எண்டு சொன்னனி."

"ஆமா. ஆட்டம் முடியுறவரைக்கும்."

"ம்," என்றார். "நல்ல சனம்."

முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்குச் சில நாட்கள் முன்னால் ஒரு பிற்பகல் என்னை வரச் சொன்னார். மேசையில் மரண அறிவித்தல் இருந்தது. கனடா, லண்டன், நோர்வே என்று உங்கள் ஆட்கள் இருக்கும் இடமெல்லாம் அனுப்பியாயிற்று. ஒருத்தரும் விடுபடக்கூடாது என்று அன்ரி ஒவ்வொரு வீடாகச் சொல்லியிருந்தார். விடுபட்டால் செத்தவருக்கு அவமரியாதை என்றார்.

"அந்த மூண்டு பேருக்கும் சொல்லவேணும் பிள்ளை. அவளோட நிண்டவை. நாங்கள் சொல்லாட்டி அவைக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த விளையாட்டு இப்போது இல்லை, அவர்கள் யாரென்றே தெரியாது, நாடு பெரியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். மூடிப்போன விளையாட்டின் பழைய ஆட்கள் இன்னும் கூடிப் பேசுகிற ஓர் இணையப் பலகை இருக்கிறது, அங்கே போடலாம் என்றேன். அன்ரி சொல்லச் சொல்ல நான் ஜப்பானியத்தில் எழுதினேன்.

"யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், சிட்னி டூங்காபியை வதிவிடமாகவும் கொண்டவரும்..." என்று தொடங்கி நிறுத்தினார். "டோக்கியோவில ஒருநாள் உங்களோட நிண்டவரும் எண்டு போடு."

போட்டேன். எனக்குத் தெரிந்த ஜப்பானியம் விளையாட்டு ஜப்பானியம். விழுவதற்கும் பின்வாங்குவதற்கும் திரும்ப எழுந்து வருவதற்கும் எத்தனையோ சொல் தெரியும். எழுந்து வராதவரைச் சொல்ல ஒரு மரியாதையான சொல் தெரியவில்லை. வேறு குடும்பங்கள் எழுதிய அறிவிப்புகளைத் தேடிப் படித்து, அழுது, எழுதினேன். உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்ற கடைசி வரிக்கு அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "அவைக்கு நன்றி எண்டு முடி. அவள் அதுதான் சொல்லியிருப்பாள்."

சில நாளில் பதில் வந்தது. எழுதியவர் திங்கட்கிழமை. அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன்: "மன்னியுங்கள், அந்த ஆட்டம் எனக்கு நினைவில் இல்லை. கணக்கில்லாமல் ஆடியிருக்கிறேன். ஆனால் மூடப்போகிற விளையாட்டுக்குத் தளிர் அடையாளத்தோடு யாராவது வந்தால், அன்று முழுதும் எங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். உங்கள் மகள் அந்த மகிழ்ச்சிகளில் ஒருவராக இருந்திருக்கிறார். ஐஸ்காப்பி என் நண்பன். அவனிடம் நான் சொல்லிவிடுகிறேன்."

"பொய் சொல்லாத மனுசன்," என்றார் அன்ரி. அன்றைக்குத்தான், நீ போன பிறகு எனக்குத் தெரிந்து முதல்முறையாக, ஒரு கோப்பைத் தேநீரை முழுதாகக் குடித்தார்.

பூனைவயிற்றை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயரில் பலகையில் ஒருவரும் இல்லை. திங்கட்கிழமைக்கும் தெரியாது. ஒருவேளை அவர் எங்கேயும் எழுதாத ஆளாக இருக்கலாம். வேலைக்குப் போகும் வழியில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறவராக இருக்கலாம். ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர் அவர் என்று நாமாக வைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமைகளில் நான் இப்போது டூங்காபிக்குப் போகிறேன். அன்ரி கேட்பார், லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றிக் கேட்பதுபோல: "பூனைவயித்துக்குச் சொல்லியாச்சோ பிள்ளை?"

"இன்னும் கிடைக்கல அன்ரி."

"தேடு. கூட நிண்ட ஆளுக்குச் சொல்லாம இருக்கிறது முறையில்லை."

தேடுகிறேன். உண்மையாகவே தேடுகிறேன். புதிய விளையாட்டுகளின் பெயர்ப் பட்டியல்கள், பழைய வீடியோக்களின் கீழே இருக்கும் கருத்துகள், எல்லாவற்றிலும் அந்த எழுத்துகளை அடித்துப் பார்க்கிறேன். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அன்ரியிடம் சொல்ல முடியாது. ஒன்றும் இல்லை என்று திரை சொல்லும்போது எனக்கு மூச்சு திரும்புகிறது. அந்த ஒருவருக்கு மட்டும் நீ இன்னும் போகவில்லை. அன்று புதிதாக வந்து, வாசலை விட்டு நகராமல், தோற்றதும் அவசரமாக நன்றி சொன்ன ஒருத்தி நீ. எங்கேயோ வேறு ஏதாவது ஆடிக்கொண்டிருப்பாய், இந்நேரம் நன்றாகத் தேறியிருப்பாய் என்று அவர் எப்போதாவது நினைக்கலாம்.

அன்ரிக்குக் கொடுத்த வாக்கும் இந்த ஆசையும் ஒன்றாகவே என்னிடம் இருக்கின்றன. நாளைக்கும் தேடுவேன். கிடைக்காமல் இருக்கட்டும்.